ஜப்பான் பிள்ளை கூட்டினால் ஒழுக்கம், நம் பிள்ளை கூட்டினால் அவமானமா?

பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் வகுப்பைக் கூட்டுவதைப் படம் பிடித்து, ஆசிரியையைத் திட்டிப் பரப்பிய அந்தக் காணொளியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று என் அத்தை மகனே அதைக் குடும்ப வாட்ஸ்அப் புலனத்தில் போட்டு, "உங்க பள்ளியிலயும் இப்படித்தானா டீச்சர்?" என்று கேட்டுவிட்டான். ஆமாம் தம்பி, இப்படித்தான். கடமை அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது, பிள்ளைகள் முறை வைத்து வகுப்பைக் கூட்டுகிறார்கள். நீயும் அப்படிக் கூட்டித்தான் படித்தாய்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காணொளியைப் பதிவேற்றிய புண்ணியவான் கொஞ்ச நாளைக்கு முன்புதான் ஜப்பான் பிள்ளைகள் பள்ளியைத் துடைக்கும் ரீல்ஸைப் பகிர்ந்து, "இதுவல்லவோ கல்வி!" என்று உருகியிருந்தார். ஜப்பான் பிள்ளை கூட்டினால் ஒழுக்கம். பினாங்குத் தமிழ்ப் பிள்ளை கூட்டினால் அவமானம், ஆசிரியை கொடுமைக்காரி.

எனக்கும் ஜப்பான் கொஞ்சம் தெரியும். ஒசாகா பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வகுப்புகளைக் கவனித்துவிட்டு வந்தவள். பகலுணவு முடிந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டு வரும். மேசைகளை ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். வீட்டில் பழைய துண்டை மடித்துத் தைத்த துணியை இரண்டு கையாலும் தரையில் அழுத்திக்கொண்டு, குனிந்தபடியே தாழ்வாரம் முழுக்க ஓடுவார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றாம் வகுப்புக் குட்டிக்குத் துணி பிழியக் காட்டிக்கொடுத்தான். அது பிழியப் பிழிய, தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிச் சட்டை நனைந்ததுதான் மிச்சம். அவன் துணியை வாங்கிப் பிழிந்து கொடுக்கவில்லை, பக்கத்திலேயே நின்றான். வகுப்பாசிரியையும் முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடும் அப்படித்தான். வெள்ளை அங்கி, தொப்பி மாட்டிய பிள்ளைகளே பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் அதையே அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். 1954இலேயே பள்ளி உணவுக்குச் சட்டம் போட்ட நாடு அது.

யாருக்கும் இது தண்டனை இல்லை. 'டொக்காட்சு', அதாவது பாடங்களுக்கு வெளியே பிள்ளைகள் சேர்ந்து செய்யும் சிறப்புச் செயல்பாடுகள் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எகிப்து இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் 2018 முதல் தனிப் பள்ளிகளே நடத்துகிறது. ஜப்பானைப் போன்ற நாடுகளிடம் கற்றுக்கொள்ள 1982இல் 'கிழக்கை நோக்கு' என்று சொன்ன நாடு நம் மலேசியா. நோக்கினோம், ரீல்ஸில்.

"துப்புரவுக் குத்தகைக்காரருக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே, பிள்ளைகள் எதற்கு?" என்கிறார்கள். பென்சில் சீவிய குப்பையைப் போட்டது குத்தகைக்காரர் இல்லையே. "குறும்பு செய்பவனைத்தானே கூட்ட விடுகிறீர்கள்?" அப்படிச் செய்கிற ஆசிரியர் எங்காவது இருக்கலாம். அந்தக் காணொளியில் ஒரு குழுவே சேர்ந்து கூட்டுகிறது, கண் இருப்பவர்கள் பார்க்கலாம்.

என்னைத் தூங்க விடாத பின்னூட்டம் வேறு. "நம் பாட்டன் பூட்டன் தோட்டத்திலும் நகராண்மைக் கழகத்திலும் கூட்டியது போதாதா? பேரனுக்கும் துடைப்பமா?"

என் அப்பா ஜார்ஜ்டவுன் வீதிகளைக் கூட்டியவர். விடியும் முன்னே சூலியா தெருவில் இருப்பார். தைப்பூசத்துக்கு ரதம் போனபிறகு, நாமெல்லாம் பக்தியோடு உடைத்துத் தள்ளிய தேங்காய்களின் ஓடுகளை வாரியவர். உள்ளங்கையெல்லாம் கீறலோடு வருவார், அம்மா மஞ்சள் வைத்துவிடுவார். துடைப்பம் பிடித்ததற்காக அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. நன்றாகப் படித்து வேலைக்குப் போன சொந்தக்காரர் ஒருவர், தெருவில் அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போன அன்றுதான் சாப்பிடாமல் படுத்தார். அந்தச் சொந்தக்காரர் பள்ளியில் துடைப்பமே தொடாமல் வளர்ந்தாரோ என்னவோ. எங்கள் அப்பாவைச் சொல்லி என் வாயை அடைக்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

ஜப்பானோடு ஒப்பிட்டே தீருவேன் என்றால் முழுசாக ஒப்பிடுங்கள். அங்கே எல்லாம் சொர்க்கம் இல்லை. ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 2018 ஆய்வில் ஜப்பானின் கீழ்நிலை இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தார்கள். ஆய்வில் இருந்த நாடுகளின் சராசரி 38 சொச்சம். ஆசிரியர்களைப் பிழிகிறார்கள் என்று அங்கேயே புலம்பல். ஆனால் துடைக்கச் சொன்னதற்காக ஒரு டீச்சரைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பியதை நான் அங்கே கேள்விப்படவில்லை.

இங்கே? நாள் பாடத்திட்டம், தரவு ஏற்றுவது, எதற்கெடுத்தாலும் படம் எடுத்து அறிக்கை. அதற்குமேல், ஆண்டு 1க்குப் பிள்ளை சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்குவதும் இந்தத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள்தான். எண்ணிக்கை 150க்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்று முத்திரை விழுந்துவிடும் அல்லவா? 1816இல் இதே பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அதை இன்றைக்குத் தூக்கிச் சுமப்பவள் பிள்ளைகள் கையில் துடைப்பம் கொடுத்தால் மட்டும் நமக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஆசிரியை மாற்றல் கேட்டிருப்பதாகக் கேள்வி. பிள்ளைகளுக்காகப் பொங்கியவர்கள் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறையாவது வந்து, அவர் போய்விட்டால் அந்த வகுப்பை யார் எடுப்பார் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.