ஃபேன நிறுத்துங்க அம்மணி

போன வாரம் வாட்ஸப்பில் ஓர் அழைப்பு வந்தது. 'நூற்புத் தியானம்: ஒரு நாள் பயிற்சி'. கட்டணம் 2,500 ரூபாய். ஒரு தக்ளி (கையால் சுழற்றி நூற்கும் சின்னக் கருவி), கொஞ்சம் பஞ்சுப் பட்டை (நூற்பதற்காக உருட்டிவைத்த பஞ்சு), மதியம் சிறுதானியச் சாப்பாடு, குளிரூட்டப்பட்ட அரங்கம். அனுப்பியவள் நெருங்கிய தோழி. "உனக்குத்தான் இதெல்லாம் பைத்தியமாச்சே, வா" என்று கூடவே ஒரு குரல்பதிவு. நான் போகவில்லை. ஏன் என்று அவளுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

நூற்றால் மனசு அடங்கும் என்பது பொய் இல்லை. நாலு வருஷமாக நூற்கிறேன். ஆபீஸ் முடிந்து வந்து பெட்டி ராட்டையைத் திறந்தால், மேனேஜர் முகம் மறக்க எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. அதனால் தியானம் என்று சொல்பவர்களைக் கேலி செய்யும் யோக்கியதை எனக்கில்லை. ஆனாலும் அந்த வார்த்தை உறுத்துகிறது.

நான் ஆரம்பித்த லட்சணத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, அழகான மரக்கதிர் ஒன்றை, அதாவது பஞ்சை முறுக்கி நூலாகச் சுற்றிக்கொள்ளும் குச்சியை, ஆர்டர் செய்தேன். நின்றுகொண்டு சுழற்றித் தொங்கவிட வேண்டியது. பருத்தியைக் கோத்து விட்டால் ஒவ்வொரு தடவையும் அறுந்து என் கால் விரல் மேலேயே விழுந்தது. ஒரு மாதம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு கையில் இல்லை. அந்தக் கதிர் ஆட்டுரோமத்துக்கானது. ரோமம் நீளம், சுருள் வேறு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், தொங்கும் கனத்தைத் தாங்கும். நம் நாட்டு ரகப் பருத்தியின் இழை ஓர் அங்குலம் இருந்தாலே பெரிய விஷயம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மானாவாரியாக விளைகிற கருங்கண்ணி அதைவிடக் குட்டை. குட்டை இழைக்கு முறுக்கு அதிகம் வேண்டும். கதிர் லேசாக இருக்க வேண்டும், வேகமாகச் சுற்ற வேண்டும். தக்ளியானால் முனையைத் தட்டில் ஊன்றிச் சுழற்ற வேண்டும், கனம் நூலில் விழக்கூடாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் திருப்பூர்ப் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர். எழுபதைத் தாண்டியவர். முப்பது வருஷத்துக்கு மேல் கதர் சங்கம் ஒன்றுக்கு நூற்றவர். முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் ராட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்து, "மொதல்ல அந்த ஃபேன நிறுத்துங்க அம்மணி" என்றார்.

காற்றடித்தால் பட்டை பிரிந்து பறக்கும், இழை காய்ந்து அறும். ஈரக்காற்றில்தான் பருத்தி சொன்ன பேச்சுக் கேட்கும். டாக்காவின் மெல்லிய மஸ்லின் துணிக்கு நூற்ற பெண்கள் விடியற்காலை ஆற்றோர ஈரத்தில் உட்கார்ந்தது இதற்காகத்தான். சித்திரை வெயிலில், ஃபேன் ஓடாத கூடத்தில், இருபது பெண்களோடு காலை எட்டிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததை அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார். மூச்சில் பஞ்சு. கால் மரத்துப்போகும். தியானம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒரு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு கஜ வேட்டி, 50 அங்குல அகலம், அங்குலத்துக்குப் பாவில் (நீளவாக்கில்) 40 இழை, ஊடையில் (குறுக்குவாக்கில்) 40 இழை. ரொம்ப நெருக்கமான நெசவு இல்லை, சுமாரானது. சேதாரம் சேர்க்காமலே கிட்டத்தட்ட 14,600 மீட்டர் நூல். பதினாலரை கிலோமீட்டர்! கதர்க் கணக்கில் ஆயிரம் மீட்டர் ஒரு சிட்டம். நான் மணிக்கு நூறு மீட்டர் நூற்றால் அன்று எனக்கு நல்ல நாள். அப்படியானால் ஒரு வேட்டிக்கு 146 மணி நேரம்.

1924இல் பெல்காம் காங்கிரஸில், உறுப்பினர் சந்தாவாகக் காசுக்குப் பதில் மாதம் 2,000 கஜம் நூல் தரவேண்டும் என்று முடிவு செய்தார்கள். என் கணக்கில் அது எட்டு மாதத்துக்கு ஒரு வேட்டி. தலைவர்களுக்கு அதுவே தாங்கவில்லை. மறு வருஷமே நூல் இல்லாவிட்டால் காசு கொடுக்கலாம் என்று தளர்த்திவிட்டார்கள்.

இப்போது கூலி விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் காதி கமிஷன் கணக்கில் 2023 வரை ஒரு சிட்டம் நூற்க ஏழரை ரூபாய். பிறகு பத்து ஆனது, பன்னிரண்டரை ஆனது, 2025இல் பதினைந்து. அந்த வேட்டியின் மொத்த நூலையும் நூற்றவருக்கு முன்பு 110 ரூபாய், இப்போது 219. பயிற்சிக் கட்டணத்தை மேலே போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. நற்றிணையில் கபிலர் மலைமேல் தவழும் மழைமேகத்துக்கு உவமை தேடும்போது 'ஆளில் பெண்டிர் தாளின் செய்த நுணங்கு நுண் பனுவல்' என்கிறார். ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல். புறநானூற்றில் ஒரு பருத்திப் பெண்டு, அதாவது பருத்தி நூற்கிறவள், வருகிறாள். ராத்திரியில் செத்தையைத் தட்டிப் புடைக்கச் சின்ன விளக்கோடு எழுந்திருக்கிறாள். காட்டுப்பூனைக்குப் பயந்து கத்தின கோழிக்கு அந்த வெளிச்சம்தான் தைரியம். அர்த்தசாஸ்திரம் இன்னும் வெளிப்படை: நூற்கும் வேலையைக் கைம்பெண்கள், உடல் ஊனமுற்றவர்கள், வயதான தாசிகள் இவர்களுக்கெல்லாம் கொடு என்று பட்டியலே போடுகிறது. வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கான வேலை, அதனால் குறைந்த கூலி. இரண்டாயிரம் வருஷமாக அதே கணக்கு.

காந்திக்கும் இது உறுத்தியிருக்கிறது. 1935இல், எட்டு மணி நேரம் நூற்றால் எட்டணா கூலி வேண்டும் என்றார். கதர் விலை ஏறிவிடும், யார் வாங்குவார்கள் என்று கதர்க்காரர்களே கையைப் பிசைந்தார்கள். எட்டணா வரவில்லை. ஆனால் காந்தி தொடங்கிய கதர் அமைப்பான சர்க்கா சங்கம் கூலியை ஏற்றத்தான் செய்தது.

நூற்பவர்கள் கூடுகிற இடத்தில் ஓயாத சண்டை ஒன்று உண்டு: அம்பர் ராட்டை நூல் கைநூலா, இல்லையா? அம்பர் நம் ஊர்ச் சமாச்சாரம். தமிழ்நாட்டுக்காரரான ஏகாம்பரநாதன் உருவாக்கியது, அவர் பெயரில் பாதிதான் ராட்டைக்கு வந்தது. இப்போது எட்டுக் கதிர் வரை வந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் எட்டு நூலும் ஒரே நேரத்தில் இறங்கும். "அதில் விரலுக்கு என்ன வேலை, குட்டி மில் அது" என்பார்கள் நம் தூய்மைவாதிகள். விரலால் இழுத்து நூற்பதன் சுகம் அதில் இல்லை என்பது உண்மைதான். அதற்குப் போடும் பஞ்சுத் திரியும் சித்ரதுர்கா மாதிரி ஊர்களில் கமிஷனின் ஆலைகளிலிருந்து வருவதுதான்.

ஆனால் காந்தி என்ன கேட்டார்? 1929இல் நல்ல ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார்களே, அதன் நிபந்தனைகளில் ஒன்று எட்டு மணி நேரத்தில் 16,000 கஜம். மீட்டரில் மாற்றினால் 14,600 சொச்சம். ஒரு நாளில் ஒரு வேட்டி! பரிசை யாரும் வாங்கவில்லை என்பது வேறு விஷயம். வேகம் வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார், ஏனென்றால் கூலி சிட்டத்துக்குத்தான். எனக்குச் சொல்லித் தந்த அம்மா அம்பருக்கு மாறிய பிறகுதான் ஒரு நாளைக்கு இருபது சிட்டம் பார்த்தார். "பெட்டி ராட்டையில புள்ளைங்கள எப்படி படிக்க வெக்கிறது?" என்று என்னைக் கேட்டார். அவர் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள் அதன்பிறகு தூய்மையைப் பற்றிப் பேசட்டும்.

எங்கள் கூட்டத்தைக் குறை மட்டும் சொல்ல மனசில்லை. மாதம் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தான் சிறுவயதில் நூற்பு வகுப்பில் சுற்றிய பித்தளைத் தக்ளியை இன்னும் வைத்திருக்கிறார். கல்லூரிப் பையன் ஒருவன் தொட்டியில் கருங்கண்ணி வளர்த்து, கொட்டை நீக்கி, மூங்கில் வில்லால் தானே அடித்துக் கொண்டுவருவான். அவன் பட்டையில் பாதி கொட்டைத் துணுக்கு. இருந்தாலும் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்குவோம். அறுந்த நூலை எப்படி ஒட்டுவது என்பதை அங்கே நான் கற்றது ஏராளம்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். பயிற்சி நடத்துங்கள், கட்டணமும் வாங்குங்கள். சொல்லித்தர அப்படி நூற்று வாழ்ந்த ஒரு பெண்மணியைக் கூப்பிடுங்கள். மூலையில் உட்காரவைத்துப் படம் எடுக்க அல்ல, ஆசிரியராக. கட்டணத்தில் பெரும்பங்கு அவருக்குப் போகட்டும். தோழிக்கும் இதைத்தான் எழுதினேன். நடத்துகிறவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.

என் வேட்டிக்கு இதுவரை ஒன்பது சிட்டம் சேர்ந்திருக்கிறது. போன மாதம் பெருமையாக எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் காட்டினேன். ஒரு சிட்டத்தைப் பிரித்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். ஓரிடம் கயிறு, ஓரிடம் மயிர். இரண்டு விரலால் இழுத்தார், அறுந்தது.

"சங்கத்துல இத எடுத்துக்க மாட்டாங்க அம்மணி" என்றார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "வெளக்குத் திரிக்கு ஆகும்."