அம்மாவுக்கு ஐந்து மணி நேரம் போதும்

ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காணொளி நம் புளோக் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சுற்றுகிறது. "எத்தனை மணி நேரம் தூங்குறீங்கம்மா?" என்று பேச வந்தவர் கேட்டார். அம்மா உள்ளதைச் சொன்னார், அஞ்சு மணி நேரம் என்று. எழுபது வயது மனுஷியிடம், அத்தனை பேர் முன்னால், "அப்போ சீக்கிரமே மறதி வந்திரும்" என்று சொல்வதா? சிரித்தவர்களில் எங்கள் மாடிக்காரர்களும் உண்டு.

அம்மா தூக்கம் வராமல் தவிப்பவர் இல்லை. தூங்கி முடித்து எழுபவர். பதினொன்றுக்குப் படுத்தால் உடனே தூங்கிவிடுவார். நாலு மணிக்கு அலாரம் இல்லாமல் எழுவார். பொதுவிடுமுறையிலும் நாலுதான், ஊருக்குப் போனாலும் நாலுதான். பகலில் ஒரு கொட்டாவி கிடையாது. தேக்காவுக்குப் பேருந்தில் போனால் தூங்கி விழுவது நான்.

நீ என்ன டாக்டரா என்பீர்கள். இல்லை. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் யிங்-ஹுய் ஃபூ என்ற விஞ்ஞானியின் குழு, சிலருக்குப் பிறவியிலேயே குறைந்த தூக்கம் போதும் என்று 2009இலேயே எழுதிவிட்டது. ஒரு தாய், ஒரு மகள், இருவருக்கும் டெக்2 என்ற மரபணுவில் ஒரே மாற்றம். அவர்கள் சராசரியாகத் தூங்கியது 6.25 மணி நேரம். அந்த மாற்றம் இல்லாத சொந்தக்காரர்கள் 8 மணி நேரம் தூங்கினார்கள். எலிகளுக்கு அதே மாற்றத்தைச் செய்தபோது அவையும் குறைவாகத் தூங்கின. 2019இல் வேறொரு குடும்பத்தில் ஏடிஆர்பி1 என்ற இன்னொரு மரபணுவும் கிடைத்தது.

அப்போ எல்லாரும் குறைவாகத் தூங்கலாமா? கூடாது. இது அபூர்வம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பது சரியான பேச்சுதான், எனக்கு எட்டு வேண்டும். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு நாலு மணி நேரம் படுக்கும் என் தம்பிக்கு அது பற்றாக்குறை. அம்மாவுக்கு அது உடல்வாகு. இந்த வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன், திரும்பத் திரும்ப.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "நீங்கதான் முழிச்சிருப்பீங்களே" என்று சொல்லித்தானே தீபாவளி முறுக்கெல்லாம் அம்மா தலையில் விழுந்தது? அப்பா படுக்கையில் கிடந்தபோது விடிகாலை மருந்து கொடுத்தது யார்? என் பிள்ளை பிறந்த இரண்டு மாதமும் நாலு மணிக்குக் கதவைத் தட்டி, "குடு, நீ தூங்கு" என்று வாங்கிக்கொண்டது யார்? அப்போதெல்லாம் மறதி வரும் என்று ஒருவரும் பயப்படவில்லை. நானும்தான்.

நேற்று விடிகாலை தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படியில் விளக்கு எரியவில்லை. எட்டிப் பார்த்தால், அம்மா கட்டிலில் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறார்.

"தூங்கிட்டுத்தான்டி இருக்கேன். நீ போய்ப் படு."