மண்டை ஓட்டிலிருந்து வருவது புகைப்படம் அல்ல
"சயாம் மரண ரயில் பாதையில் கிடைக்கும் மண்டை ஓட்டைக் கணினியில் ஏற்றினால் தாத்தாவின் அசல் முகம் வந்துவிடும், டிஎன்ஏ சோதனையே வேண்டாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட அந்தப் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவரின் ஒரு படம்கூட இல்லாத குடும்பங்கள் இதைப் படிக்கும். அவர்களுக்குப் பொய் நம்பிக்கை தராதீர்கள்.

ஸ்கேன் செய்த ஓட்டின்மேல் நெற்றி, கன்னம், தாடை என இடத்துக்கு இடம் சதையின் சராசரித் தடிமனை வைத்தே மென்பொருளில் முகத்தை எழுப்புகிறார்கள். அந்தச் சராசரி பலரை அளந்து எடுத்தது. உங்கள் தாத்தாவை அளந்ததல்ல. கண்குழியும் பல்வரிசையும் மூக்கெலும்பும் ஓரளவு வழிகாட்டும். காதின் வடிவம், முடி, தோல் நிறம் பெரும்பாலும் ஊகம்தான்.

இங்கிலாந்தின் லெஸ்டரில் 2012-இல் தோண்டியெடுத்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டையே பாருங்கள். 2013-இல் காட்டிய முகத்துக்குக் கருமையான முடி. 2014-இல் வந்த மரபணு ஆய்வோ நீலக் கண்களையும், சிறுவயதிலாவது பொன்னிற முடியையும் சுட்டியது. அவர்தான் என உறுதிசெய்ய உதவியதும் உறவினரின் டிஎன்ஏ. அந்த முகம் அல்ல.

முகத்தைப் பார்த்து யாராவது "நம் ஆளோ" என்று முன்வரலாம், அதற்குப் பயன்படும். ஆளை உறுதிசெய்ய டிஎன்ஏ அல்லது பல் பதிவு வேண்டும். அந்த வரியைத் திருத்திவிடுங்கள், ஐயா.