ஒரே மெயில், ஆளுக்கொரு நியாயம்

"ஆளுக்கொரு ஸ்பேம் ஃபில்டர் வைக்கிறது ஒரு டிக் அடிக்கிற வேலைதானே, அதுக்கு ஏன் இவ்வளவு இழுக்கறீங்க?" என்று கேட்கிறவர்களை ஒரு நாள் மெயில் சர்வர் லாக் முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

எங்கள் பெங்களூரு ஆபீஸில் சேல்ஸ்காரர்களுக்கு எந்த மெயிலையும் தடுக்கக் கூடாது. பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து வரும் ஒரு என்கொயரி தவறினாலும் என் தலைதான் உருளும். அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கோ போலி இன்வாய்ஸ் ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. சரி, ஸ்பேம் அசாசின் என்றொரு மென்பொருள், மெயில் எவ்வளவு குப்பை என்று ஸ்கோர் போடும்; ஸ்கோர் எல்லையைத் தொட்டால் ஸ்பேம். அதில் ஆளுக்கு ஒரு எல்லை வைக்கலாம். வழக்கமாக அது 5. சேல்ஸுக்கு 8, மேடத்துக்கு 4 என்று வைத்தாயிற்று. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

ஓசூர் சப்ளையர் ஒருவர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மெயில் அனுப்புகிறார். ஸ்கோர் 6. சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறையான எஸ்எம்டிபியில், அனுப்பும் சர்வர் பெறுநர் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சரி, முடியாது என்று சொல்லலாம். ஆனால் அப்போது மெயிலின் உள்ளடக்கமே வந்திருக்காது, எதைப் பார்த்து ஸ்கோர் போடுவது? முழுக்க வந்து, கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி விழுந்த பிறகு நான் சொல்ல முடிவது ஒரே பதில். 250 என்றால் இருவருக்கும் உண்டு, 550 என்றால் இருவருக்கும் இல்லை. 1982-ல் எழுதிய விதி, 2008-ல் திருத்தி எழுதியபோதும் அப்படியே விட்டார்கள். அதனிடம் போய் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று கன்னடத்தில் கெஞ்சினால் நடக்குமா?

"வாங்கிக்கிட்டு அப்புறமா மேடம் சார்பில் திருப்பி அனுப்பிடுங்க" என்றார் ஒரு கன்சல்டன்ட். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். திருப்பினால் சம்பந்தமே இல்லாத எவனோ ஒருவனின் இன்பாக்ஸில் போய் விழும், நம் சர்வரின் ஐபி முகவரியும் ஸ்பேம் அனுப்புகிறவர்களின் பிளாக்லிஸ்டில் ஏறும். இந்த யோசனைக்கு ஃபீஸ் வேறு!

இரண்டாவது ஆளுக்கு 452, அதாவது 'இப்போதைக்கு முடியாது' என்று சொல்லி, தனியாக அப்புறம் வா என்று அனுப்பலாம். வரும், ஆனால் அந்தப் பக்கத்து சர்வர் எப்போது மறுபடி முயல்கிறதோ அப்போது. அதற்குள் "எனக்கு மட்டும் ஏன் லேட்?" என்று டிக்கெட் வந்து நிற்கும். எஸ்எம்டிபியின் தம்பியான எல்எம்டிபி முறையில் ஆளுக்கொரு பதில் உண்டு, 1996-லேயே வந்துவிட்டது. ஆனால் அது மெயிலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸிலிருந்து, அதைப் பெட்டியில் போடும் டவ்காட்டுக்கு, நம் வீட்டுக்குள் நடக்கிற பேச்சு. வெளியிலிருந்து வருகிறவன் எஸ்எம்டிபிதான் பேசுவான்.

அதனால் சந்தேகமே இல்லாத குப்பையை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வாசலிலேயே மறுக்கிறேன். மிச்சத்தை அவரவர் எல்லைப்படி ஜங்க் ஃபோல்டரில் போடுகிறேன். அதிலும் ஒரு கொடுமை. 550 கொடுத்தால் அனுப்பியவருக்காவது விஷயம் தெரியும், போன் போட்டுக் கேட்பார். ஜங்கில் விழுந்தால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று இருப்பார், இவரோ வரவே இல்லை என்று சத்தியம் பண்ணுவார். லாக்கைத் திறந்து, டெலிவரி ஆன நேரத்தைக் காட்டினால், "அந்த ஃபோல்டரை எல்லாம் யாருங்க பார்ப்பாங்க?" என்கிறார்கள்.

யார் பார்ப்பது? உங்கள் ஜங்க்கை நானா வந்து பார்க்க வேண்டும்?