யாருடைய கிளப்?

"பணக்கார முதலாளி ஒருவர் வாங்கினால்தான் கால்பந்து கிளப் மேலே வரும். ரசிகர்கள் கையில் கொடுத்தால் உருப்படுமா?" நேற்று ஒரு நண்பர் கேட்டார். நான் குடியிருப்பது லண்டன் டூட்டிங்கில். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கிளப்பின் பிளவ் லேன் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்தக் கேள்விக்கு என் பதில் அந்த மைதானம்தான்.

பழைய விம்பிள்டன் கால்பந்து கிளப் 1889இல் தொடங்கியது. 1988இல் லிவர்பூலை 1-0 என வென்று இங்கிலாந்தின் பெரிய கால்பந்துக் கோப்பையான எஃப்.ஏ. கோப்பையையே தூக்கியது. 1991இல் சொந்த மைதானமான பழைய பிளவ் லேனை விட்டு வெளியேறி, இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். நஷ்டம் ஏறியது. மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள் முதலாளிகள். அது கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர். 2002 மே 28 அன்று இங்கிலாந்து கால்பந்து சங்கம் அமைத்த மூன்று பேர் குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், போகலாம் என்று அனுமதி கொடுத்தது. நூறு வருடத்துக்கு மேல் ஊர் வளர்த்த கிளப்பின் தலையெழுத்தை எழுத மூன்று பேர் போதுமாக இருந்தது. ரசிகர்கள் அதே ஊரில் புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் நலனுக்கு உகந்ததல்ல என்று அறிக்கையில் வேறு எழுதிவைத்தார்கள். இன்று படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் ரசிகர்கள் தொடங்கினார்கள். அடுத்த மாதமே விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்டக்காரர் தேர்வு. விளையாட ஆசைப்பட்டவர் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள், ஏறத்தாழ 230 பேர் வந்தார்கள். ஜூலை 10 அன்று சட்டனில் முதல் ஆட்டம், 4-0 என்று தோல்வி. அந்தத் தோல்வியைப் பார்க்க 4,600 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள்! இங்கிலாந்து கால்பந்தின் ஒன்பதாம் அடுக்கு லீக்கில் தொடங்கிய இந்தப் புதிய கிளப், ஏ.எஃப்.சி. விம்பிள்டன், ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலேறி 2011இல் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது. 2018இல், இடம்பெயர்ந்துபோன அந்த மில்டன் கீன்ஸ் அணி ஒரு அடுக்கு கீழே சறுக்கியபோது, விம்பிள்டன் அதற்கு மேலே இருந்தது.

இந்தக் கிளப்பின் பெரும்பான்மைப் பங்கு ரசிகர்களின் அமைப்பான டான்ஸ் டிரஸ்ட் கையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வாக்கு. அதிகம் பணம் போட்டவருக்கு அதிக வாக்கு என்ற பேச்சே இல்லை.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? நண்பரின் கேள்வியில் நியாயம் இருக்கும் இடம் இதுதான். பிளவ் லேனில் புது மைதானம் கட்டும்போது பாதியில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பெரிய முதலீட்டாளரிடம் போய் நிற்பதற்குப் பதிலாக ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கினார்கள். குறைந்தது 1,000 பவுண்டு. வட்டி பூஜ்யம் முதல் 4 சதவீதம் வரை, எவ்வளவு வேண்டும் என்று கொடுப்பவரே முடிவு செய்யலாம். 50 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. எந்த வங்கி இப்படிக் கடன் கொடுக்கும்?

உறுப்பினர் கையில் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பார்சிலோனா உறுப்பினர்களின் கிளப்தான், ஆனாலும் 100 கோடி யூரோவுக்கு மேல் கடனில் மாட்டியது. விம்பிள்டனும் 2022இல் ஒரு அடுக்கு கீழே விழுந்து, 2025இல்தான் திரும்ப ஏறியது. பெரிய ஆட்டக்காரர்களை வாங்க முடியாது, நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால் விற்கத்தான் வேண்டும். இதெல்லாம் வலிக்கும். ஆனால் பிரீமியர் லீக் கனவைக் காட்டி எந்த முதலாளி வந்தாலும், கிளப்பை அவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பேன். அவர் போகும்போது கிளப்பையும் கூட எடுத்துக்கொண்டு போகலாம். இந்த ஊர் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டது.

2020 நவம்பர் 3, புது பிளவ் லேனில் முதல் ஆட்டம். பழைய மைதானம் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். 29 வருடக் காத்திருப்பு. கொரோனா காலம் என்பதால் பார்வையாளர் யாருக்கும் அனுமதி இல்லை. பத்திரம் வாங்கியவர்கள், கிளப்பின் சொந்தக்காரர்கள், வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தார்கள். 2-2 என்று சமனில் முடிந்தது. கதவு திறந்ததும் அவர்கள்தான் வந்து அந்த இருக்கைகளில் உட்கார்ந்தார்கள்.