கத்தியைப் பளபளப்பாக்கி விற்காதீங்கப்பா

என்னுடைய பிரெஞ்சு ஒபினெல் கம்பெனியின் எட்டாம் நம்பர் மடக்குக் கத்தி போன வாரம் கைமாறிவிட்டது. 1,400 ரூபாய். வாங்கினவர் திண்டுக்கல்காரர். கத்தி சேர்க்கிற நம்ம ஆட்கள் மத்தியில் நான் போட்டிருந்த விற்பனைக் குறிப்பைப் படித்துவிட்டு மாப்பிள்ளை ஒருத்தன் போன் போட்டு, "ஏன்டா, சந்தைக்கு மாட்டை ஓட்டிட்டுப் போயி, இது முட்டும், உதைக்கும், பாலும் கம்மின்னு கூவுற மாதிரில்ல எழுதியிருக்க, எவன் வாங்குவான்?" என்று சிரித்தான். மூன்று மணி நேரத்தில் ஆறு பேர் கேட்டார்கள்.

நான் எழுதியது இவ்வளவுதான். கார்பன் இரும்பு, அலகு 8.5 செ.மீ. பிடியின் தலைப்பில் இருக்கிற பூட்டு வளையம் கத்தி திறந்திருக்கும்போது மட்டும்தான் பூட்டும், மடக்கியபின் பூட்டாது. அலகு முழுக்கக் கறுத்திருக்கிறது, மாங்காய் வெட்டியது. அடிப்பக்கம் இரண்டு இடத்தில் கடுகு அளவுக்குத் துருக்குழி. முனை கொஞ்சம் உடைந்து நானே தீட்டிச் சரிசெய்தது. கல்லில் மூன்று தடவை தீட்டியிருக்கிறேன், மெஷின் சாணை பட்டதே இல்லை. பிடியில் கீறல்கள், ஒரு டீக் கறை. ஐப்பசி மழையில் திறக்க முரண்டு பிடிக்கும், சித்திரை வெயிலில் லேசாக ஆடும்.

கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு பேர், "அப்ப இது டேமேஜ் பீஸா?" என்று கேட்டார்கள். இல்லை சாமி. பீச் (beech) மரப் பிடி, ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும், மரம் என்றால் அப்படித்தான். அலகு மாட்டிக்கொண்டால் பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு மெல்ல எட்டிப் பார்க்கும், பிரான்சில் அந்தக் கத்தி பிறந்த சவோய்ப் பக்கத்தில் அதற்கு 'சவோய்க்காரன் தட்டு' என்றே பேர். ஜோசப் ஒபினெல் 1890இல் அங்கே இந்தக் கத்தியை உருவாக்கியபோது அவர் குடும்பமே கோடாலி, அரிவாள் அடிக்கிற பட்டறைக் குடும்பம். நம்ம திருப்பாச்சேத்திக்காரர்களுக்குச் சொந்தம் மாதிரிதான். 1897இல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் போட்டு அளவு பிரித்தார்கள், பூட்டு வளையம் 1955இல்தான் வந்தது. மடக்கிய நிலையிலும் பூட்டுகிற மாதிரி அந்த வளையத்தை மாற்றியது 2000இல். அதனால்தான் வளையத்தைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதினேன், விஷயம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியே கத்தியின் வயசைச் சொல்லிவிடும். நான் "ரொம்பப் பழசு, அரிய பொருள்" என்று கூவ வேண்டியதில்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

விற்பதற்கு முந்தின நாள் கத்தியை எடுத்துத் தேய் தேய் என்று தேய்க்கிறார்கள். உப்புக் காகிதம், பாலிஷ் பேஸ்ட், இன்னும் சிலர் துணிச் சக்கரம் சுற்றிப் பளபளப்பாக்குகிற பஃப் மெஷினிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கார்பன் இரும்பில் மாங்காயும் எலுமிச்சையும் வெங்காயமும் பட்டுப் பட்டு நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் ஏறும் பாருங்கள், அது அழுக்கு இல்லை. சிவப்புத் துரு சட்டென்று பிடிக்காமல் ஓரளவு காப்பதே அந்தப் படலம்தான். என் கத்தியின் நிறம் நத்தம் மாங்காயை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ற ஒன்பது கோடையின் நிறம், அதைப் பத்து நிமிஷத்தில் தேய்த்து எடுத்துவிடலாம், திரும்ப வரவைக்க இன்னும் ஒன்பது கோடை வேண்டும். கத்தி சேர்க்கிறவன் அதற்குத்தான் காசு கொடுக்கிறான். புதுசு வேண்டுமென்றால் அவன் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டானா?

மெஷின் சாணை இன்னும் மோசம். அப்பா வைத்திருந்த பேனாக் கத்தியை ஒரு தடவை தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன், தப்பு என்னுடையது. பொறி பறந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் விளிம்பில் ஒரு விரற்கடை தூரத்துக்கு நீலம் பாய்ந்திருக்கிறது. சூட்டில் பதம் போய்விட்டது. அரிவாள் அடிக்கிறவர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், இரும்பை நிறம் பார்த்துத் தண்ணீரில் விடுகிற அந்த ஒரு நொடியில்தான் கத்தி கத்தியாகிறது என்று. அதைக் கலைத்துவிட்டால் அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் ரெண்டு தக்காளிக்கு மேல் தாங்காது. அதனால் "சாணை பிடித்து ரெடியாக இருக்கிறது" என்று யாராவது எழுதியிருந்தால் நான் முதலில் கேட்பது, கல்லா மெஷினா?

நானும் ஏமாந்தவன்தான், சொல்லிவிடுகிறேன். நாலு வருஷம் முன்னால் ஒருத்தரிடம் 91 மில்லிமீட்டர் நீள விக்டோரினாக்ஸ், அதாவது கத்தரிக்கோல், பல்குத்தி என்று பல கருவிகள் அடங்கிய சுவிஸ் மடக்குக் கத்தி, வாங்கினேன். "தாத்தா எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது" என்றார். நம்ம பக்கம் யார் வீட்டில்தான் சிங்கப்பூர்த் தாத்தா இல்லை, நம்பிவிட்டேன். படத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. கைக்கு வந்து பார்த்தால், அலகின் அடியில் பேர் வெட்டியிருக்கிற இடம் பஃப் போட்டுப் போட்டு மழுங்கி, பாதி எழுத்தைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது கூடப் போகட்டும். பின்பக்கம் பொட்டலம் தூக்குகிற கொக்கி ஒன்று இருந்தது. அந்தக் கொக்கியை அந்தக் கம்பெனி சேர்த்ததே 1991இல். அப்படியென்றால் தாத்தா எழுபதுகளில் எதைக் கொண்டுவந்தார்? விற்றவரிடம் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இன்றுவரை வரவில்லை.

அவர் பொய் சொன்னார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், வீட்டில் சொன்ன கதையை அப்படியே நம்பியிருக்கலாம். ஆனால் கொக்கி தெரிகிற மாதிரி பின்பக்கம் ஒரு படம் போட்டிருந்தால் எனக்கு இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது தெரிந்திருக்கும். படம் என்றால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, திறந்தும் மடக்கியும், முதுகும் வயிறும். மடக்கிய படம் ரொம்ப முக்கியம், தீட்டித் தீட்டித் தேய்ந்த அலகு பிடிக்குள் ஆழமாக விழுந்துகிடக்கும், எந்த வர்ணனையும் அதை மறைக்க முடியாது. அப்புறம் எண்ணெய். அனுப்பும்போது தேங்காய் எண்ணெயைத் தடவி அனுப்புகிற புண்ணியவான்களே, அது நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்.

நடுவில் ஒன்று. மதுரைக்காரன் கத்தி விற்கிறான் என்றதுமே ஒரு நக்கல் வரும். சினிமா பண்ணிவைத்த வேலை, இங்கே இட்லிக் கடைக்குக்கூட அருவாளோடுதான் போவோம் என்று வெளியூர்க்காரர்களுக்கு நினைப்பு. ஆயுதச் சட்ட விதிகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் பேச்சு வருகிறது, அதிலும் வீட்டு வேலை, விவசாய வேலைக்கானதற்கு விலக்கு உண்டு. என்னுடையது மூன்றரை அங்குலம்கூட இல்லை. ஆனாலும் பொத்தானை அமுக்கினால் பாய்கிற கத்திப் பக்கம் நான் போவதில்லை, பள்ளிக்கூடப் பையன் மாதிரி தெரிந்தால் எவ்வளவு கொடுத்தாலும் விற்பதில்லை. "லாஸ்ட் எவ்ளோ ப்ரோ" என்று மட்டும் கேட்பவர்களுக்குப் பதிலே போடுவதில்லை, அது சட்டம் இல்லை, என் குணம்.

திண்டுக்கல் அண்ணன் கூரியர் வேண்டாம், நேரிலேயே வருகிறேன் என்றார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. நான் கத்தியை அவர் கையில் கொடுக்காமல் பெஞ்சில் வைத்தேன். அப்பத்தா அரிவாள்மனையைக்கூடக் கையில் கொடுக்க விடமாட்டார், சண்டை வரும் என்பார். அவரும் புரிந்துகொண்டு சிரித்துவிட்டு எடுத்தார். திறந்தார், வளையத்தைத் திருப்பினார், இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். "தம்பி சொன்னதெல்லாம் இருக்கு" என்றார், ஏதோ காணாமல் போன சாமானைச் சரிபார்த்த மாதிரி. டீக்கடைக்காரர் மட்டும் எங்கள் இருவரையும் கல்லாவிலிருந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது, சிவப்பு வட்டம் போட்டு. வளையத்துக்குக் கீழே பிடியில் மயிரிழை விரிசல். "இது உங்க லிஸ்ட்ல இல்லையே தம்பி." எனக்குப் பக்கென்றது. போய் என் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், மூன்றாவது படத்தில் இருக்கிறது, ஒன்பது வருஷமாக நான்தான் பார்க்கவில்லை. கத்தியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், இல்லையென்றால் 200 ரூபாய் அனுப்புகிறேன் என்றேன். கத்தியைக் கொடுக்க மனசில்லை, பணத்தை அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன். வேண்டாம் தம்பி என்று பெருந்தன்மையாகச் சொல்வார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. சரி, நியாயம்தான்.

அடுத்தது அந்த விக்டோரினாக்ஸைத்தான் விற்கப்போகிறேன். குறிப்பு எழுதிவிட்டேன், முதல் வரி இப்படி: "1991க்கு முந்தையது கிடையாது, பஃப் போட்டு முத்திரை மழுங்கியது, பல்குத்தி இல்லை, கத்தரிக்கோல் ஸ்பிரிங் தளர்வு." விலை நான் வாங்கியதில் பாதி. வேண்டியவர்கள் உள்டப்பியில் வாங்க, பின்பக்கப் படத்தோடு அனுப்புகிறேன்.