ஏ பக்கம், ஏழாவது பாட்டு

(திண்டுக்கல்லில் ஒரு பழைய சலூன். ஞாயிறு அல்ல, அதனால் கூட்டம் இல்லை. செவ்வாய் அல்ல, அதனால் கடை திறந்திருக்கிறது. நாற்காலியில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வயது 66. முகம் முழுக்க நுரை. கத்தியோடு நிற்கும் முத்துவுக்கு வயது 52. எட்டாம் வகுப்பில் அவரிடம் கணக்குப் படித்தவர். ‘படித்தவர்’ என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.)

முத்து: இப்போதெல்லாம் என்ன பாட்டு கேட்கிறீங்க சார்?

வாத்தியார்: பாட்டா? அந்த வயதெல்லாம் தாண்டியாயிற்றப்பா. ஒரு வாரமாக அப்பர் தேவாரம்தான். காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை.

முத்து: அடேயப்பா. எந்தத் தேவாரம் சார்?

வாத்தியார்: ‘குனித்த புருவமும்.’ நான்காம் திருமுறை. தில்லையில் நடராசரைப் பார்த்து அப்பர் உருகிப் பாடியது.

முத்து: தெரியும் சார். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ரஜினி ஆடுவாரே, அதுதானே?

(மௌனம்.)

முத்து: தலையை அசைக்காதீங்க, கத்தி இருக்கிறது. போன தடவை பெஞ்சில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீங்களே, நான் பார்த்தேன். தேவாரத்துக்கு யாராவது செருப்பால் தாளம் போடுவார்களா?

வாத்தியார்: சரி, ‘ராக்கம்மா கையத் தட்டு’தான். தளபதி, 1991. நடுவில் ஸ்வர்ணலதா பாடுவது தேவாரமா இல்லையா? பிறகு நான் சொன்னது எப்படிப் பொய்யாகும்? வழிமுறை சரியாக இருந்தால் பாதி மார்க் உண்டு.

முத்து: எனக்கு ஒரு நாளும் போட்டதில்லையே சார்.

வாத்தியார்: உன் பேப்பரில் வழிமுறையே இருக்காது. நேராக விடை இருக்கும். அதுவும் பக்கத்து பெஞ்சுக்காரன் விடை. இன்னொன்றும் சொல்கிறேன் கேள். 2002-ல் பிபிசி உலகம் முழுக்க ஓட்டு வாங்கிப் பத்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்தது. அதில் இதற்கு நாலாவது இடம். உலகத்தில் நாலாவதாக வந்ததைக் கேட்பதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?

முத்து: அப்புறம் எதற்கு சார் தேவாரம் என்றீங்க?

வாத்தியார்: மாப்பிள்ளை வந்திருக்கிறார். வீட்டில் சொல்லிச் சொல்லி இங்கேயும் வாயில் வந்துவிட்டது. அதை விடு. நீ என்ன கேட்கிறாய்?

முத்து: நான் எப்போதும் கேட்கிறதுதான். கடைக் கேசட். பத்து நாள் ஓடாமல் கிடந்தது. பெல்ட் மாற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சு பூராவும் காப்பிக் கலரில் கறை. எனக்கு நெஞ்சு பகீரென்றது. எத்தனை பல்லவி அதோடு போயிற்றோ!

வாத்தியார்: பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை. அது இரும்பு ஆக்சைடு. நாடாவில் பூசியிருப்பது. நம் ஊரில் அதற்குத் துரு என்று பேர்.

முத்து: அந்தத் துருவில்தானே சார் பாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது? நீங்கள் கணக்கு வாத்தியார், உங்களுக்கு எல்லாம் துருவாகத்தான் தெரியும்.

(வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். கத்தி மேலுதட்டுக்கு வருகிறது. வாயை மூடிக்கொள்கிறார். இந்தக் கடையில் விவாதங்கள் இப்படித்தான் முடியும்.)

முத்து: 1992-ல் பதிவு செய்தது. அப்பா கடையை என்னிடம் கொடுத்த வருடம். ரெக்கார்டிங் சென்டரில் ஒரு பேப்பரில் பாட்டெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையன் பார்த்துவிட்டு, ‘அறுபது நிமிஷக் கேசட், ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டுத்தான் பிடிக்கும், ஏழாவது முழுதாக ஏறாது’ என்றான். ‘ஏறின வரைக்கும் ஏற்றுடா’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாத்தியார்: டவுன் பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுகிற மாதிரி.

முத்து: ஏழாவது பாட்டு ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’. பாலமுரளிகிருஷ்ணா.

வாத்தியார்: கவிக்குயில், 1977. இளையராஜா. ரீதிகௌளை ராகம்.

முத்து: ராகத்தில் எனக்குத் தெரிந்தது சுருட்டி ஒன்றுதான் சார். அதுவும் தலையில் இருந்தால்.

வாத்தியார்: 2008-ல் சுப்ரமணியபுரத்தில் ‘கண்கள் இரண்டால்’ வந்ததே, அதுவும் ரீதிகௌளைதான். ஆனால் நீ பேச்சை மாற்றாதே. அந்தக் கேசட்டால் எனக்கு நடந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

முத்து: நான் என்ன சார் செய்தேன்?

வாத்தியார்: என் சின்ன மகள் கல்யாண ரிசப்ஷன். மேடையில் மெல்லிசைக் குழு. அந்தப் பையன் அருமையாகப் பாடுகிறான். இரண்டாவது சரணத்தில் பாதி போகிறான், மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்துகிறான். அவ்வளவுதான். முதல் நாலு வரிசை ஆண்களும் பட பட என்று கைதட்டிவிட்டார்கள். இரண்டு பேர் எழுந்து பந்திக்கே போய்விட்டார்கள். சம்பந்தி வீட்டார் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பையன் பாட்டைத் தொடர்வதா, கும்பிடு போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தான்.

முத்து: முதல் நாலு வரிசையும் நம் கடைக்காரர்களா?

வாத்தியார்: எல்லாம் உன்னிடம் முடி வெட்டுகிற தலைகள். உன் கேசட் நின்ற இடத்தில்தான் பாட்டு முடிகிறது என்று இந்தத் தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது.

முத்து: நீங்கள்?

வாத்தியார்: நான் பெண்ணின் தகப்பன். நான் எப்படி...

முத்து: சார்.

வாத்தியார்: முதலில் தட்டியது நான்தான்.

(முத்து கத்தியை மடக்கிவிட்டுச் சிரிக்கிறார். வாத்தியார் நுரைக்குள்ளேயே முறைக்கிறார்.)

வாத்தியார்: சிரிக்காதே. எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போட்டாயா? கேசட் நாடா நொடிக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர் ஓடும். உன் கேசட்டில் விட்டுப்போனது ஒன்றேகால் நிமிடம் என்று வைத்துக்கொள். 75 நொடி. பெருக்கு.

முத்து: கத்தி கையில் இருக்கும்போது பெருக்கல் வேண்டாம் சார்.

வாத்தியார்: மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எட்டு முழ வேட்டி நீளம். ஒரு எட்டு முழ வேட்டிக்கு ஆசைப்பட்டு அந்தக் கல்யாணத்தில் என் மானம் போயிற்று. இன்றைக்கு நீ முழுப் பாட்டையும் கேட்கிறாய்.

முத்து: ஐயோ, வேண்டாம் சார். முப்பது வருடமாக எனக்கு அது அங்கே முடிகிற பாட்டு. அதற்குப் பிறகு வருவது வேறு யாருடைய பாட்டோ.

(வாத்தியார் போர்த்தியிருந்த துணிக்கடியில் கையை விட்டுப் போனைத் தட்டுகிறார். சட்டைப் பையிலிருந்து பெண் குரல் வருகிறது.)

முத்து: பாலமுரளிக்கு என்ன ஆயிற்று?

வாத்தியார்: இது ஜானகி பாடியது. அதே படத்தில் அதுவும் உண்டு. இரு.

(மறுபடி தட்டுகிறார். சரியான குரல். போன் பைக்குள் போகிறது. முத்து கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்கிறார். முகம் சுளிக்கிறது.)

முத்து: ஆரம்பத்தில் கடுகு வெடிக்கிற சத்தம் வருமே, அது எங்கே சார்?

வாத்தியார்: அது இசைத்தட்டில் இருந்த கீறலப்பா! அதிலிருந்து உனக்குப் பதிவு செய்திருக்கிறான். ஊசி உரசுகிற சத்தம்.

முத்து: நான் பின்னணி இசை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். இது தாளிக்காத ரசம் மாதிரி இருக்கிறது. அப்புறம் இவருக்கு என்ன இவ்வளவு அவசரம்?

வாத்தியார்: அவர் சரியாகத்தான் பாடுகிறார். உன் கடையில் பெல்ட் தொய்ந்து, இத்தனை வருடமாக அரைக்கட்டை இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

முத்து: எங்களிடம் நிதானமாகப் பாடுவார்.

(முதல் சரணம் முடிகிறது. முத்து மீண்டும் சோப்புப் பிரஷ்ஷைத் தொட்டு, மீசை ஓரத்தைச் சரிசெய்யத் தொடங்குகிறார். இரண்டாவது சரணம். இருவரும் பேசவில்லை. அந்த இடம் வருகிறது. பாடகர் மூச்சு வாங்குகிறார்.)

முத்து, வாத்தியார் (ஒரே நேரத்தில்): டக்!

(கேசட் நிற்கும்போது பட்டன் தானாக எழும்புகிற சத்தம் அது. ஆனால் எந்தப் பட்டனும் எழும்பவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது.)

முத்து: நிறுத்துங்க சார்.

வாத்தியார்: போன் துணிக்கு உள்ளே இருக்கிறது. கையை எடுத்தால் நீ கீறிவிடுவாய்.

முத்து: ஐயோ, போகிறாரே... போய்க்கொண்டே இருக்கிறாரே...

வாத்தியார்: போகட்டும். எட்டு முழம்தானே.

(முத்து கண்ணாடியைப் பார்க்கவில்லை, மீசையைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கை மட்டும் பழக்கத்தில் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது. வாத்தியார் கண்ணை மூடிவிட்டார். செருப்பு தாளம் போடுகிறது. பாட்டு முடிகிறது.)

வாத்தியார்: எப்படி?

முத்து: நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நீளம்.

வாத்தியார்: உன்னைத் திருத்த முடியாது.

முத்து: இல்லை சார், உண்மையாகத்தான் சொல்கிறேன். திரும்பப் பல்லவிக்கு வருவார் என்று நான் நினைக்கவேயில்லை. இத்தனை வருடமாகப் பாவம் அவரைச் சரணத்திலேயே நிறுத்திவைத்திருந்தேன். பிரஷ் போடும்போது நின்றுவிடும், உடனே கேசட்டைத் திருப்பிப் போட ஓடுவேன். ஏ பக்கம் முடிந்தால் பாதி ஷேவிங் முடிந்தது என்று எனக்கு ஒரு கணக்கு.

வாத்தியார்: அடடே, உனக்கும் ஒரு கணக்கு வந்திருக்கிறதே.

(போனில் அடுத்த பாட்டு தானாகத் தொடங்குகிறது. ஏதோ ஒரு புதுப்பாட்டு.)

முத்து: இது இல்லை சார்! இதற்கு அடுத்தது பி பக்கம் முதல் பாட்டு.

வாத்தியார்: அது உன் கேசட்டில். போனுக்கு ஏது ஏ பக்கம், பி பக்கம்?

முத்து: பிறகு எதை வைத்து நான் ஷேவிங்கை முடிப்பது?

(படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்க்கிறார். துண்டால் துடைக்கிறார். துணியை உதறி எடுக்கிறார். வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியை உற்றுப் பார்க்கிறார். இடது பக்கம் தடவுகிறார். வலது பக்கம் தடவுகிறார். மறுபடி இடது பக்கம்.)

வாத்தியார்: முத்து.

முத்து: சார்.

வாத்தியார்: வலது மீசை உதட்டு ஓரம் வரை இருக்கிறது. இடது மீசை எங்கே?

(முத்து கத்தியைப் பார்க்கிறார். தரையைப் பார்க்கிறார். மெதுவாகத் துண்டை மடிக்கிறார்.)

முத்து: ஏறின வரைக்கும் ஏற்றியிருக்கிறேன் சார்.

வாத்தியார்: வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறாரடா!

முத்து: உட்காருங்க. அந்தப் பக்கத்தையும் இதே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். நீங்கள் மட்டும் அந்தத் தேவாரத்தைப் போடாதீங்க, எனக்குக் கை ஆடிவிடும்.